கியூரிங் பற்றி 400 சொல்: பொறியாளர் செய்திமடலுக்கு ஒரு கட்டுரை தயாராகும் விதம்

கட்டுமானத் துறைச் செய்திமடலுக்கு வரும் வரைவுகளில் தகவல் பிழை குறைவாகத்தான் இருக்கும். எழுதுபவர்கள் சைட் பார்த்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள். சிக்கல் வேறு இடத்தில். 1,700 சொல் எழுதி, படிப்பவர் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பதைப் பன்னிரண்டாவது பத்தியில் வைத்திருப்பார்கள். படிப்பவரோ காலையில் ஆள் வந்து சேர்வதற்குள் கிடைக்கும் சில நிமிடத்தில், ஒரு கையில் ஃபோனை வைத்துக்கொண்டு படிக்கிறார். பன்னிரண்டாவது பத்திவரை அவர் வருவதில்லை.

கான்கிரீட் கியூரிங் (போட்ட கான்கிரீட்டைச் சில நாள் ஈரமாகவே வைத்திருப்பது) பற்றிய அப்படியொரு நீண்ட வரைவை 400 சொல் கட்டுரையாக்கும் வேலை இங்கே பதிவாகிறது. 400 என்பது தமிழுக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், 400 சொல்லிலேயே நிறைய விஷயம் அடங்கிவிடும். ஆங்கிலச் செய்திமடல்களைப் பார்த்து 600, 700 என்று இலக்கு வைத்தால் ஃபோனில் கட்டுரை முடிவில்லாமல் நீளும்.

வெட்டும் முன் ஒரு வாக்கியம்

வரைவைத் திருத்தத் தொடங்கும் முன் தனித்தாளில் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: இதைப் படித்தவர் நாளைக்கு சைட்டில் எதை மாற்றிச் செய்வார்? பதில் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். இரண்டு வாக்கியம் தேவைப்பட்டால் அது இரண்டு கட்டுரை.

கியூரிங் வரைவில் இருந்தவை: சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது நடப்பது என்ன, ஸ்லாபில் பாத்தி கட்டுவது, காலத்துக்கு (கான்கிரீட் தூண்) சாக்கு சுற்றுவது, கியூரிங் காம்பவுண்ட் (ஈரம் போகாமல் மேலே பூசுவது), நீராவி கியூரிங், தண்ணீரின் தரம், ஷட்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுப் பலகை) பிரிக்கும் நாள், கியூப் டெஸ்ட் (கான்கிரீட் கட்டியை உடைத்து வலிமை பார்ப்பது). எல்லாமே தேவையானவைதான், ஆனால் எல்லாம் ஒரே நாளில் ஒரே ஆளுக்குத் தேவைப்படுவதில்லை. நாங்கள் எடுத்துக்கொண்ட வாக்கியம் இது: "பிபிசி சிமென்ட் போட்ட ஸ்லாபுக்கு 7 நாளில் தண்ணீரை நிறுத்தக் கூடாது."

இதை ஏன் எடுத்தோம் என்றால், தவறு இங்கேதான் அன்றாடம் நடக்கிறது. பிபிசி என்பது ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) போன்றவை கலந்த சிமென்ட், ஓபிசி அப்படிக் கலக்காத சாதாரண சிமென்ட். ஏழு நாள் கியூரிங் என்ற வழக்கம் ஓபிசி சிமென்டை வைத்து உருவானது. வீடு கட்டும் வேலைகளில் இன்று கடையில் கிடைக்கும் மூட்டை பெரும்பாலும் பிபிசி. மூட்டை மாறிவிட்டது, மேஸ்திரி சொல்லும் நாள்கணக்கு மாறவில்லை. பழக்கத்துக்கும் விதிக்கும் நடுவே இப்படி இடைவெளி இருக்கும் இடம்தான் குறுங்கட்டுரைக்கு ஏற்ற இடம். எல்லாரும் சரியாகச் செய்யும் ஒன்றைப் பற்றி எழுதினால் "தெரிந்ததுதானே" என்று கடந்து போவார்கள்.

மீதியைத் தூக்கிப்போட வேண்டாம். "கிடங்கு" என்று பெயரிட்ட ஒரு கோப்பில் தலைப்புவாரியாக ஒட்டிவைத்தால், ஒரு வரைவிலிருந்து நாலைந்து இதழுக்கு விஷயம் கிடைக்கும். எழுதியவருக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும். தன் உழைப்பில் முக்கால்வாசி காணாமல் போய்விட்டது என்று அவர் நினைத்தால் அடுத்த முறை எழுத மாட்டார்.

எண்களுக்குத் தனித்தாள்

அடுத்தது எண்கள். வரைவில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் வெளியே எடுத்து ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அது வந்த இடத்தைக் குறிக்க வேண்டும். இந்தக் கட்டுரைக்கு அந்தத் தாள் சிறியதுதான். எல்லாம் ஐ.எஸ். 456:2000 என்ற கோடின் (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) பிரிவு 13.5.1-லிருந்து வருபவை. ஓபிசி என்றால் கான்கிரீட் போட்ட நாளிலிருந்து குறைந்தது 7 நாள். கலப்பு சிமென்ட் அல்லது ஃபிளை ஆஷ் போன்ற தாதுச் சேர்மானம் என்றால் குறைந்தது 10 நாள். வறண்ட, வெயில் கடுமையான சூழல் என்றால் எந்த சிமென்டானாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கலப்பு சிமென்டுக்கு 14 நாள்வரை நீட்டிப்பது பரிந்துரை.

இந்தத் தாளைத் தயாரிக்கும்போதே வரைவில் இருந்த ஒரு கோளாறு வெளியே வந்தது. "பிபிசிக்கு 14 நாள் கட்டாயம்" என்று எழுதியிருந்தது. கட்டாயம் 10, பரிந்துரை 14. இரண்டையும் ஒன்றாக்கினால் ஒப்பந்தக்காரருக்கும் மேற்பார்வை இன்ஜினியருக்கும் நடுவே பில் தகராறு வரும்போது நம் கட்டுரையை யாராவது ஆதாரமாக நீட்டுவார்கள். அது தவறான ஆதாரமாகிவிடும்.

கோடின் எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே அச்சிட வேண்டும். கோடுகளுக்குத் திருத்தங்களும் புதிய பதிப்புகளும் வரும். "ஐ.எஸ். 456 சொல்கிறது" என்று மட்டும் இருந்தால், இரண்டு வருடம் கழித்துத் தேடிப் படிப்பவருக்கு எந்தப் பதிப்பு என்று தெரியாது. மடல் போகும் வாரத்தில் பிஐஎஸ் (கோடுகளை வெளியிடும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தளத்தில் அந்தக் கோடுக்குப் புதிதாகத் திருத்தம் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவதும் இந்தத் தாளைச் சேர்ந்த வேலைதான்.

தொழில்நுட்பச் சரிபார்ப்புக்கு முழுக் கட்டுரையை அனுப்புவதைவிட இந்தத் தாளை மட்டும் அனுப்புவது நல்லது. முழுக் கட்டுரை போனால் மூத்த இன்ஜினியர்கள் நடையைத் திருத்துவார்கள், மேலும் இரண்டு பத்தி சேர்ப்பார்கள், எண்களின் மேல் கண் நிற்காது. எண் தாளில் பார்ப்பதற்கு எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை.

முதல் பத்தி

வரைவின் தொடக்கம் இப்படி இருந்தது: "நவீன கட்டுமானத்தில் கான்கிரீட்டின் பங்கு அளப்பரியது. அத்தகைய கான்கிரீட்டின் வலிமையை நிர்ணயிப்பதில் பல்வேறு காரணிகள் முக்கியப் பங்கு வகிக்கின்றன. அவற்றுள் நீராற்றுதல் இன்றியமையாத ஒன்றாகும்." மூன்று வாக்கியம் போயும் சைட் இன்ஜினியருக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. மூன்றையும் எடுத்துவிட்டு, தாளில் எழுதிவைத்த வாக்கியத்தை மேலே கொண்டுவந்ததும் இப்படி ஆனது:

"உங்கள் மூட்டையில் பிபிசி என்று அச்சாகியிருக்கிறதா? அப்படியானால் ஏழாம் நாள் தண்ணீரை நிறுத்த வேண்டாம். ஐ.எஸ். 456:2000, பிரிவு 13.5.1-படி கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் கியூரிங் வேண்டும். 14 நாள்வரை நீட்டிக்கவும் கோடு பரிந்துரைக்கிறது."

இவ்வளவை மட்டும் படித்துவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டாலும் கட்டுரை தன் வேலையைச் செய்துவிட்டது. "ஏன்" என்பது இரண்டாம் பத்திக்குப் போக வேண்டும், அதுவும் இரண்டு மூன்று வாக்கியத்துக்குள்: "பிபிசியில் உள்ள ஃபிளை ஆஷ் உடனே வேலை செய்வதில்லை. சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு அது மெதுவாக வினைபுரிந்துதான் பிணைப்பு உண்டாகிறது. ஏழாம் நாளே கான்கிரீட் காய்ந்துவிட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும்." வேதிச் சமன்பாடு தேவையில்லை. கட்டுரையைப் படிப்பவர் மேஸ்திரியிடம் போய் வாயால் சொல்லக்கூடிய அளவுக்கு விளக்கம் இருந்தால் போதும், ஏனென்றால் அவர் அடுத்துச் செய்யப்போவது அதைத்தான்.

மூட்டையில் பிபிசி என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி சேர்த்தோம்: ஐ.எஸ். 1489 என்று இருந்தால் பிபிசி, ஐ.எஸ். 455 என்றால் ஸ்லாக் (இரும்பாலைக் கசடு) கலந்த சிமென்ட், இரண்டுமே கலப்பு வகை. பொதுவான அறிவுரையைக் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனையாக மாற்றுவது இப்படிப்பட்ட வரிகள்தான். இடம் போதவில்லை என்று வெட்ட நேர்ந்தால் கடைசியாக வெட்ட வேண்டியவை இவை.

வாக்கியங்களைப் பிரித்துப் போடுவது

நீளத்தைப் பாதியாகக் குறைப்பது பத்திகளை வெட்டும்போது. மீதிப் பாதி வாக்கியத்துக்குள் குறைகிறது. வரைவிலிருந்து ஒன்று:

"கான்கிரீட்டின் மேற்பரப்பிலிருந்து ஈரப்பதமானது ஆவியாதல் மூலம் இழக்கப்படுவது தடுக்கப்பட வேண்டியது மிகவும் அவசியமான ஒன்றாகும்."

இதில் செய்கிறவர் யாரும் இல்லை. "இழக்கப்படுவது", "தடுக்கப்பட" என்று இரண்டு செயப்பாட்டு வினை, "ஈரப்பதமானது" என்று ஓர் ஒட்டு, "ஒன்றாகும்" என்று ஒரு வால். செய்கிறவரை உள்ளே கொண்டுவந்தால் மிஞ்சுவது: "மேல்பரப்பைக் காய விடாதீர்கள்." பதினொரு சொல் மூன்றாகிறது, பொருள் துளியும் குறையவில்லை.

இன்னொன்று கொஞ்சம் சிக்கலானது: "நீர் தெளிப்பானது தகுந்த கால இடைவெளிகளில் மேற்கொள்ளப்படுதல் வேண்டும்." இதை எளிமையாக்குகிறேன் என்று "ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீர் தெளியுங்கள்" என்று மாற்றத் தோன்றும். படிக்கவும் நன்றாக இருக்கும், எண்ணும் இருக்கிறது. ஆனால் அது தவறு. கோடில் முறைக்கணக்கு இல்லை, தொடர்ந்து ஈரமாக அல்லது நனைந்த நிலையில் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. மார்கழியில் மூன்று முறை போதலாம். வேலூர் வெயிலில், சித்திரை மாதத்தில், காற்றும் அடிக்கும் நான்காவது மாடிக் காலத்துக்கு மூன்று முறை போதவே போதாது. நடுவில் பல மணி நேரம் கான்கிரீட் வறண்டு கிடக்கும், "மூன்று முறை அடித்தாயிற்று" என்று சூப்பர்வைசர் நோட்டில் டிக் விழும். வாசகர் பின்பற்றக்கூடிய எண்ணைக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் நிலைமை மாறினால் பொய்யாகிவிடும் எண்ணைக் கொடுக்கக் கூடாது. அங்கே எண்ணுக்குப் பதில் சோதனையைக் கொடுக்க வேண்டும்: "காலத்துக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள். எந்த நேரத்தில் தொட்டாலும் சாக்கின் ஈரம் கையில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் நனைக்கும் இடைவெளி அதிகம்." எந்த ஊருக்கும் எந்த மாதத்துக்கும் இது பொருந்தும்.

ஸ்லாபுக்கும் இதே வழி. "பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கவும்" என்பதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். மழைநீர் ஓடுவதற்காக ஸ்லாபில் வாட்டம் கொடுத்திருந்தால் பெரிய பாத்தியில் தண்ணீர் ஒரு பக்கமே சேரும், மேட்டுப்பக்கம் காயும். அதனால் "பாத்தியைச் சின்னதாகக் கட்டுங்கள், மேட்டு மூலையிலும் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள்" என்று எழுதினோம். எங்கே கெட்டுப்போகும் என்று தெரிந்தவர் எழுதியது என்பது இந்த மாதிரி ஒரு வரியில்தான் வாசகருக்குத் தெரியும். அதற்குப் பிறகு மற்றதையும் நம்புவார்.

சொல் தேர்வில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம்: சைட்டில் வாயில் வரும் சொல், கட்டுரை முழுக்க அதே சொல். கியூரிங், ஷட்டரிங், முட்டு, சாக்கு, பாத்தி, காலம், பீம். நடை அழகுக்காக ஓரிடத்தில் நீராற்றுதல், இன்னோரிடத்தில் பதப்படுத்துதல், மூன்றாம் இடத்தில் கியூரிங் என்று மாற்றி மாற்றி எழுதினால் மூன்று வேலை என்று நினைத்துக்கொள்ள இடமுண்டு.

வெட்டவே கூடாத சொற்றொடர்

சுருக்கும்போது மிகப் பெரிய சேதம் நிபந்தனைகளில்தான் நடக்கிறது. கிடங்கில் போட்ட ஷட்டரிங் பகுதி இதற்கு நல்ல உதாரணம். ஐ.எஸ். 456:2000, பிரிவு 11.3.1-இல் பிரிக்கும் காலம் பட்டியலாக இருக்கிறது. ஸ்லாப் முட்டு 4.5 மீட்டர் ஸ்பேன்வரை (இரண்டு தாங்கிகளுக்கு நடுவே உள்ள நீளம்) 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் முட்டு 6 மீட்டர்வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். சுருக்கமாக எழுத இதைவிட வசதியான விஷயம் கிடையாது. பட்டியலை மட்டும் எடுத்துப் போட்டு, மேலே உள்ள வரியை "இடமில்லை" என்று விட்டுவிடுவார்கள். அந்த வரி சொல்வது, இந்த நாள்கள் ஓபிசி பயன்படுத்தி, சூழல் வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாமல், போதுமான கியூரிங் நடந்திருந்தால் மட்டும் என்று. அதை விட்டால் பிபிசி ஸ்லாபின் முட்டை ஏழாம் நாள் எடுக்கச் சொன்னதாக நம் கட்டுரை ஆகிவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மார்கழியில் வேலை நடத்துகிறவருக்கு வெப்ப நிபந்தனையும் முக்கியம்.

ஆகவே வெட்டும் வரிசை இது. முதலில் முன்னுரை, அடுத்து வரலாறு, பிறகு உரிச்சொற்கள், பிறகு ஒரே கருத்துக்கு இரண்டாவது உதாரணம். இவ்வளவு வெட்டியும் 400-க்குள் வரவில்லை என்றால் 450 போகட்டும். "ஆனால்", "மட்டும்", "இருந்தால்", "குறைந்தது" என்ற சொற்கள் உள்ள வாக்கியங்களில் கை வைக்கக் கூடாது.

அந்தப் பட்டியலை அட்டவணையாகவும் போடக் கூடாது. நாலு நெடுவரிசை அட்டவணை ஃபோன் திரையில் பக்கவாட்டில் நழுவி, கடைசி நெடுவரிசை கண்ணில் படாமலே போகும். கடைசி நெடுவரிசையில்தான் பெரும்பாலும் நாள் எண்ணிக்கை இருக்கும். ஒரு நிலைமைக்கு ஒரு வரி என்று எழுதிவிட்டால் எந்தத் திரையிலும் உடையாது. படமாக்கி அனுப்புவது இன்னும் மோசம்: பல மின்னஞ்சல் செயலிகள் படத்தைத் தானாகக் காட்டுவதில்லை, எண் முழுதும் வெள்ளைக் கட்டத்துக்குள் மறைந்துவிடும்.

தமிழ் எழுத்தும் மின்னஞ்சலும்

எழுத்துரு மாற்றத்தில் நேரும் பிழைகள் தொழில்நுட்பக் கட்டுரையில் ஆபத்தானவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வரைவை யூனிகோடுக்கு மாற்றும்போது, நடுவே ஆங்கிலத்தில் இருந்தவையும் சேர்ந்து மாறிவிடும். எம்20 (M20) என்ற கான்கிரீட் கிரேடு "ஆ20" ஆகும், ஐ.எஸ். (IS) 456 "ஐளு 456" ஆகும். "கௌ" என்பது "கெள" என்று இரண்டு எழுத்தாக உடைந்து நிற்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. மாற்றியவுடன் எண் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிரேடையும் கோடு எண்ணையும் ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அளவு இன்னொரு கணக்கு. ஜிமெயில் ஒரு மடலின் எச்டிஎம்எல் (எழுத்தும் வடிவமைப்புக் குறியும் சேர்ந்த கோப்பு) 102 கேபியைத் தாண்டினால் மீதியை வெட்டி, முழுதாகப் பார்க்க ஒரு சுட்டியைக் காட்டும். தமிழில் இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், "கொ" என்றால் க-வும் கொம்புக்காலும் சேர்ந்து 6 பைட். சொல்லுக்குச் சராசரி 9 குறியீடு என்று வைத்தால் 400 சொல் கட்டுரை ஏறத்தாழ 11 கேபி. இதுவரை பரவாயில்லை. சில அனுப்பும் கருவிகள் தமிழ் எழுத்தை எண் குறியீடாக மாற்றிச் சேமிக்கின்றன. "க" என்ற ஓர் எழுத்து "க" என்று 7 பைட் ஆகிவிடும். அதே கட்டுரை 25 கேபி. ஐந்து கட்டுரையும் மேலே வடிவமைப்பும் சேர்ந்தால் கடைசிக் கட்டுரையும் சந்தாவை நிறுத்தும் சுட்டியும் வெட்டுப்பட்டுப் போகும். அனுப்பும் முன் கருவியிலிருந்து எச்டிஎம்எல்லை இறக்கி, கோப்பின் அளவையும் உள்ளே "&#" என்று வரிசையாக வருகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். வந்தால் கருவியில் யூடிஎஃப்-8 தேர்வுக்கு மாற்றலாம், அந்தத் தேர்வு இல்லாத கருவி என்றால் கட்டுரை எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

எங்கள் முடிவு, முதன்மைக் கட்டுரை ஒன்றை மட்டும் மடலுக்குள் முழுதாக வைப்பது, மற்றவற்றுக்கு இரண்டு வரியும் சுட்டியும். ஒன்றாவது முழுதாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் பேஸ்மென்ட். அங்கே சிக்னல் இருக்காது, சுட்டி திறக்காது, ஏற்கெனவே வந்து இறங்கிய மடல் மட்டும் திறக்கும்.

வடிவத்தில் சொல்ல அதிகம் இல்லை. எழுத்து 16 அல்லது 17 பிக்சல், வரி இடைவெளி 1.6. மேலே இகரச் சுழியும் கீழே உகர வளைவும் உள்ள எழுத்து என்பதால் இடைவெளி குறைந்தால் வரிகள் உரசும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டாம். இரண்டு ஓரமும் சமமாக நிறுத்தினால் குறுகிய திரையில் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும், எனவே இடப்பக்கம் மட்டும் சீர் செய்தால் போதும்.

சப்ஜெக்ட் வரியில் ஃபோன் காட்டுவது முதல் நாலைந்து சொல். "செய்திமடல் – இதழ் எண் – மாதம்" என்று தொடங்கினால் அந்த நாலைந்தும் வீண். இந்த இதழுக்குப் போனது: "பிபிசி ஸ்லாபா? 7 நாளில் தண்ணீரை நிறுத்தாதீர்கள்." சிமென்ட் வகை முதலில் இருப்பதால், ஓபிசி வைத்து வேலை செய்பவர் திறக்காமல் விட்டாலும் தவறில்லை.

அனுப்பும் முன்னும் பின்னும்

கட்டுரையை எழுதாத ஒருவரிடம், முடிந்தால் ஒரு சைட் சூப்பர்வைசரிடம், ஃபோனிலேயே படிக்கக் கொடுக்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்குப் புரிந்தது என்பார். "இப்ப ஸ்லாப் போட்டா எத்தனை நாள் தண்ணி விடுவீங்கண்ணே?" என்று கேட்க வேண்டும். அவர் "பத்து, முடிஞ்சா பதினாலு" என்றால் கட்டுரை தயார். "எந்த சிமென்ட்டு?" என்று திருப்பிக் கேட்டால் அதைவிடத் தயார். "ஏழு நாளுதானே" என்றால் முதல் பத்தியில் ஏதோ மறைக்கிறது, திரும்ப அங்கே போக வேண்டும்.

அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்ப வாங்க முடியாது. எண் தவறாகப் போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த இதழ்வரை காத்திருக்காமல் அன்றைக்கே தனி மடல் போக வேண்டும், அதே சப்ஜெக்ட் வரியின் முன்னால் "திருத்தம்" என்று சேர்த்து. உள்ளே இரண்டே வரி: இப்படிப் போயிற்று, சரியானது இது.

கியூரிங் கட்டுரை போனால் கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு, குறிப்பாக ராமநாதபுரம், தூத்துக்குடி, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலிருந்து: "எங்க போர் தண்ணி உப்பா இருக்கு, கியூரிங்குக்கு விடலாமா?" பதில் கிடங்குக் கோப்பிலேயே இருக்கிறது. கலவைக்கு ஏற்ற தண்ணீர் கியூரிங்குக்கும் ஏற்றது என்பது அதே கோடின் விதி, கறை படிய வைக்கும் தண்ணீர் மட்டும் ஆகாது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, கம்பி இல்லாததற்கு 2,000. அடுத்த இதழின் முதல் பத்தி இந்த இரண்டு எண்களோடு தொடங்கும். தண்ணீர் மாதிரியை எந்தப் பாட்டிலில் எடுத்து, எந்த மாதிரி லேபில் கொடுப்பது என்பது இரண்டாம் பத்தி.